'டு யூ மைண்ட்' என்று கேட்டால் யெஸ் சொல்வதா, நோ சொல்வதா? மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன்

அரைகுறை கேட்டது:

போன வாரம் நடந்த கூத்து இது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரோடு வீடியோ அழைப்பு. எல்லோரும் வந்து சேர்ந்ததும் அந்தம்மா ரொம்ப மரியாதையாக "டு யூ மைண்ட் இஃப் ஐ ரெக்கார்ட் திஸ்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் இருந்தவர்களில் நான்தான் மூத்தவன், அதனால் எல்லோர் சார்பிலும் முகமெல்லாம் சிரிப்பாக "யெஸ், யெஸ்!" என்றேன். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அவர் "ஓ, ஓகே, சாரி" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு நேராகப் பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினோம். நான் ஒரு வரிகூடக் குறிப்பு எடுக்கவில்லை, அதுதான் ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருக்கிறதே என்ற தெம்பு. மறுநாள் மேலாளர் ரெக்கார்டிங் எங்கே என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்தது. வேண்டாம் என்று சொன்னதே நான்தானாம்.

மைண்ட் என்றால் மனசு என்று படித்தவன் நான். அது எப்படி வினைச்சொல் ஆனது, ஆனபிறகு ஏன் இத்தனை வேஷம் போடுகிறது? "நெவர் மைண்ட்" என்கிறார்கள், படிக்கட்டில் "மைண்ட் தி ஸ்டெப்" என்று எழுதி வைக்கிறார்கள், பேச்சுக்கு நடுவில் "மைண்ட் யூ" என்று சொருகுகிறார்கள். போதாக்குறைக்கு நாமே "அவன் என்னை மைண்டே பண்ணலை" என்கிறோம். எல்லாம் ஒரே சொல்தானா? தயவுசெய்து இலக்கணப் பெயர்களாக அடுக்காமல் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

வாத்தியாரம்மா எழுதியது:

முதலில் உங்கள் யெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நீங்கள் அந்தக் கேள்வியை "ரெக்கார்ட் செய்யலாமா?" என்று காதில் வாங்கியிருக்கிறீர்கள். அவர் கேட்டது அதுவல்ல. "நான் ரெக்கார்ட் செய்தால் உங்களுக்குச் சங்கடமா?" என்பதுதான் கேள்வி. "சங்கடமா?" என்று கேட்டால் "ஆமா, ஆமா!" என்று தலையாட்டுவீர்களா? அதைத்தான் செய்திருக்கிறீர்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. பாவம், அந்தம்மா என்ன நினைத்தாரோ.

இந்த இடத்தில் மைண்ட் என்றால் ஆட்சேபிப்பது, தொந்தரவாக நினைப்பது. நம் பேச்சில் இதற்கு ஒட்டிவருவது "தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?" என்கிற கேள்விதான். அதற்கு நாம் "சேச்சே, இல்லை, பண்ணுங்க" என்போம். ஆங்கிலத்திலும் அப்படியே: "நோ, கோ அஹெட்", "நாட் அட் ஆல்", "ஆஃப் கோர்ஸ் நாட்". சம்மதம் சொல்ல நோ சொல்ல வேண்டும், இதுதான் இந்தச் சொல்லின் குசும்பு.

இன்னொரு வலையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ?" என்றால் ஜன்னலை நீங்கள் எழுந்துபோய்த் திறக்க வேண்டும். "வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் தி விண்டோ?" என்றால் கேட்கிறவரே திறந்துகொள்வார், நீங்கள் சரி சொன்னால் போதும். முதல் கேள்விக்கு "நாட் அட் ஆல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மைண்டுக்குப் பிறகு இன்னொரு வினை நேராக வந்தால் அது 'இங்' வாலோடுதான் வரும், "வுட் யூ மைண்ட் டு ஓப்பன்" என்று எழுதினால் தப்பு. அப்புறம், வுட் என்று ஆரம்பித்தால் இஃப்-க்குப் பிறகு ஓப்பன்ட் என்று இறந்தகாலத்துக்குப் போவதுதான் வழக்கம். 'டு யூ' என்று ஆரம்பித்தால் வெறும் ஓப்பன். அந்த இறந்தகாலத்துக்கும் காலத்துக்கும் சம்பந்தமில்லை. கேள்வியைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிற பணிவு, அவ்வளவுதான். "நீங்க வந்தா நல்லா இருக்கும்" என்பதைவிட "நீங்க வந்திருந்தா" கொஞ்சம் தள்ளி நிற்கிறது இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. உதாரணம் சரியாகப் பொருந்தவில்லை, தெரியும், ஆனால் வாடை அதுதான்.

நடுநிசி எழுதியது:

வாத்தியாரம்மா சொல்வது புத்தகத்துக்குச் சரி. நடைமுறையில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதற்கு "யா, ஷ்யூர், கோ அஹெட்" என்று பதில் சொல்வதை நான் தினமும் கேட்கிறேன். யாரும் குழம்புவதில்லை. ஏனென்றால் பதில் யெஸ்ஸிலும் நோவிலும் இல்லை, அதற்குப் பின்னால் வருகிற "கோ அஹெட்"டில் இருக்கிறது. அரைகுறை நண்பர் செய்த தப்பு யெஸ் சொன்னது அல்ல, யெஸ்ஸோடு நிறுத்திக்கொண்டது. வெறும் யெஸ் என்றால் "ஆமாம், எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். மறுக்க நினைக்கிற வெள்ளைக்காரர்கூட வெறும் யெஸ் சொல்லமாட்டார், "ஆக்சுவலி, ஐ'ட் ராதர் யூ டிட்ன்ட்" என்று சுற்றி வளைப்பார்.

அதனால் என் வழி ரொம்பச் சுலபம். மைண்ட் என்ற சத்தம் காதில் விழுந்தால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிடுங்கள். "ப்ளீஸ் கோ அஹெட்" என்று மட்டும் சொல்லுங்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பூனை மாதிரி நான்கு காலில் நிற்கலாம்.

சும்மா வந்தேன் எழுதியது:

இது நம் தாய்மொழி பண்ணுகிற வேலை ஐயா. தமிழில் "நீ வரலையா?" என்றால் "ஆமா, வரலை" என்போம், கேட்டவர் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்கிற ஆமா. ஆங்கிலத்தில் "நோ, ஐ'ம் நாட் கமிங்" என்று சொல்ல வேண்டும். அதே குழப்பம்தான் இங்கேயும். நமக்கு எதிர்மறைக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லவே வராது.

வாத்தியாரம்மா எழுதியது:

@சும்மா வந்தேன், நீங்கள் சொல்வது உண்மையான சிக்கல்தான், ஆனால் அது வேறு சிக்கல். "ஆரன்ட் யூ கமிங்?", "டோண்ட் யூ லைக் இட்?" என்று நாட் சேர்ந்து வரும் கேள்விகளில்தான் அந்த ஆமா காலை வாரும். "டு யூ மைண்ட்" என்பதில் நாட் எங்கே இருக்கிறது? வடிவத்தில் அது நேரான கேள்வி. எதிர்மறை ஒளிந்திருப்பது சொல்லின் பொருளில். "உனக்கு வலிக்குதா?" என்று கேட்டால் தமிழிலும் "இல்லை" என்பதுதானே நல்ல பதில்? அந்த வகை. அதனால் தமிழ்மேல் பழி போடவேண்டாம், ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இதற்கு யா என்று பதில் சொல்கிறார்கள் என்று நடுநிசியே சொல்லிவிட்டாரே.

@நடுநிசி, பூனை யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் "வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்று உங்களைக் காத்திருக்கச் சொல்லும்போது "ப்ளீஸ் கோ அஹெட்" என்றால் என்ன ஆகும்? மைண்ட் என்ற சத்தம் மட்டும் போதாது, யார் செய்யப்போகிறார்கள் என்பதையும் காதில் வாங்க வேண்டும்.

நடுநிசி எழுதியது:

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் "ஷ்யூர், நோ ப்ராப்ளம்".

'மைண்டே பண்ணலை' பற்றி யாரும் பேசவில்லையே, அதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம். கூட வேலை பார்க்கிற வெளிநாட்டு நண்பன் ஒரு விழாவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை, அடுத்த நாள் போய் "யூ டிட்ன்ட் மைண்ட் மீ அட் ஆல்" என்றேன். அவன் குழம்பிப்போய் "ஆஃப் கோர்ஸ் ஐ டிட்ன்ட்!" என்று தோளில் தட்டினான். நான் "நீ என்னைக் கண்டுக்கவே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டேன், அவன் காதில் அது "நான் இருந்தது உனக்குத் தொந்தரவாகவே படவில்லை" என்று விழுந்திருக்கிறது. நன்றி சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான்! கண்டுக்கவில்லை என்பதற்கு "யூ இக்னோர்ட் மீ" என்று சொல்லியிருக்க வேண்டும், கோபமில்லாமல் சொல்வதென்றால் "யூ டிட்ன்ட் நோட்டிஸ் மீ".

ஆக, நம் 'மைண்ட் பண்ணு' முழுக்க முழுக்க நாமே கண்டுபிடித்த தவறான பொருள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வேர்ப்பலா எழுதியது:

நடுநிசி, அந்த முடிவை மட்டும் கொஞ்சம் ஒத்திவையுங்கள். நாம் கண்டுபிடித்தது அல்ல அது, பழைய ஆங்கிலப் பொருள் ஒன்று நம்மிடம் தங்கிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

மைண்ட் முதலில் நினைவைக் குறித்த சொல். பழைய ஆங்கிலத்தில் 'கெமுண்ட்' என்கிற மாதிரி ஒரு வடிவம், பொருள் ஞாபகம். வடமொழியின் மனஸ், லத்தீனின் மென்ஸ் எல்லாம் இதற்குப் பங்காளிகள், ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 14-ஆம் நூற்றாண்டில் இது வினைச்சொல்லாக வரும்போது பொருள் 'நினைவில் வை' என்பதுதான். ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றைக்கும் "டு யூ மைண்ட் த டைம்..." என்று ஆரம்பித்தால் "அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா?" என்று அர்த்தம், ஆட்சேபணைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாம் தினமும் போனில் வைக்கிற ரிமைண்டர் இருக்கிறதே, அதற்குள் உட்கார்ந்திருப்பதும் இந்தப் பழைய மைண்டுதான்.

இனி, ஒன்றை நினைவில் வைத்தால் அதன்மேல் கவனம் இருக்கும். கவனம் இருக்கிறவன் ஜாக்கிரதையாக இருப்பான். அங்கேதான் "மைண்ட் தி ஸ்டெப்" வருகிறது: படி இருக்கிறது, பார்த்து. லண்டன் சுரங்க ரயிலில் 1968 வாக்கில் ஒலிக்க ஆரம்பித்த "மைண்ட் த கேப்" அறிவிப்பும் அதுவே. ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளி, கால் ஜாக்கிரதை. நடைமேடை வளைந்திருக்கிற நிலையங்களில் நேரான ரயில் பெட்டி ஒட்டி நிற்காது, அதனால்தான் அந்த இடைவெளியே. அமெரிக்கர்கள் இந்த இடத்தில் மைண்டைத் தொடமாட்டார்கள், "வாட்ச் யுவர் ஸ்டெப்" என்பார்கள். கவனித்துக்கொள்வது என்பதிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்ற பொருளும் வந்தது. பிரிட்டனில் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பெயர் சைல்ட்மைண்டர். நம்மவர்கள் மனநல மருத்துவர் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு விஷயம் மனசிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? உறுத்தும். உறுத்துகிறதை வேண்டாம் என்போம். ஆட்சேபணை வந்து சேர்ந்த வழி இது. நினைவு, கவனம், அக்கறை, உறுத்தல் என்று நான்கு படி இறங்கி வந்திருக்கிறது சொல். பெரிய விந்தை ஒன்றும் இல்லை, நாமே இதே பாதையில்தான் நடக்கிறோம். "மனசுல வச்சுக்காதீங்க" என்று ஏன் சொல்கிறோம்? மனசில் வைப்பது என்றாலே நமக்கும் வருத்தத்தை வைத்திருப்பது என்றாகிவிட்டதே. அது அப்படியே "நெவர் மைண்ட்".

நடுநிசி சொன்ன 'மைண்ட் பண்ணலை' இதில் இரண்டாம் படி, கவனம். ஆங்கிலத்திலும் அது சாகவில்லை. ஒருவர் வேலையாக இருக்கும்போது நீங்கள் அறைக்குள் எதையோ எடுக்கப் போகிறீர்கள், அப்போது "டோண்ட் மைண்ட் மீ" என்றால் "நான் இருக்கிறதைக் கண்டுக்காதீங்க, உங்க வேலையைப் பாருங்க" என்று பொருள். உளறுகிற ஒருவனைக் காட்டி "டோண்ட் மைண்ட் ஹிம்" என்றால் "அவனை விடுங்க, கண்டுக்காதீங்க". பாருங்கள், நம் தமிழ் மைண்ட் அச்சு அசலாக அங்கே இருக்கிறது. ஆனால் டோண்ட் என்கிற ஏவலில்தான் அது சுகமாக வருகிறது. "டிட்ன்ட்" என்று மாற்றி நடந்த கதை சொல்லும்போது கேட்பவர் மனசு நாலாம் படிக்குப் போய்விடுகிறது. அங்கேதான் நடுநிசி தோளில் தட்டு வாங்கினார்.

சும்மா வந்தேன் எழுதியது:

அப்போ 'பரவாயில்லை'யும் இதே குடும்பம்தானே? ஐ டோண்ட் மைண்ட் = பரவாயில்லை என்றுதான் நான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேர்ப்பலா எழுதியது:

குடும்பம் இல்லை, ஆனால் சேக்காளி. பரவாயில்லையில் இருக்கிற 'பரவா' பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த பர்வா, அக்கறை, கவலை என்று பொருள். 'கவலை இல்லை' என்பதுதான் ஒட்டிப்போய் ஒரே சொல்லாக நிற்கிறது. பிரித்தால் "ஐ டோண்ட் மைண்ட்" அப்படியே கிடைக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. பரவா இல்லை என்கிறோம், 'பரவா இருக்கு' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'சட்டை செய்யவில்லை' என்கிறோம், 'நன்றாகச் சட்டை செய்தான்' என்றால் தையற்காரர் என்று நினைப்பார்கள். ஆங்கில மைண்டும் அதே சாதி. ஆட்சேபணைப் பொருளில் அது கேள்வியிலோ இல்லை என்பதோடோதான் வரும். "ஐ மைண்ட்" என்று மொட்டையாகச் சொன்னால் காதுக்கு ஒட்டாது, எதிர்த்துச் சொல்வதென்றால் "ஐ டூ மைண்ட்" என்று டூவை அழுத்த வேண்டியிருக்கும்.

அரைகுறை எழுதியது:

அடேங்கப்பா. ஒரு யெஸ்ஸுக்கு இத்தனை வரலாறா! எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, பரவாயில்லை என்று வருகிற எல்லா இடத்திலும் ஐ டோண்ட் மைண்ட் போடலாமா? இரண்டு, அதற்கும் ஐ டோண்ட் கேர் என்பதற்கும் என்ன வித்தியாசம், எனக்கு எதுவானாலும் சரி என்று சொல்ல நான் கேரைத்தான் பயன்படுத்தி வருகிறேன். மூன்று, அந்தம்மா முந்தாநாள் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன், "நெவர் மைண்ட்" என்றுவிட்டார். மனசில் வச்சுக்காதீங்க என்றா சொன்னார்?

வாத்தியாரம்மா எழுதியது:

மூன்றாவதிலிருந்து வருகிறேன். இல்லை, அவர் சொன்னது "சரி விடுங்க". முக்கியமில்லை, திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று அர்த்தம். அதற்குமேல் சொல்கிற தொனிதான் எல்லாம். மெதுவாகச் சொன்னால் "ஒண்ணுமில்லை", பெருமூச்சோடு சொன்னால் "உன்கிட்ட சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள..." என்கிற அலுப்பு. எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகத் தோன்றினால் விடாமல் இன்னொரு தரம் கேளுங்கள், தப்பே இல்லை.

பரவாயில்லை எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. "காபியா, டீயா?" என்றால் "ஐ டோண்ட் மைண்ட்" பொருத்தம், எதுவானாலும் சரி. யாராவது சாரி கேட்டால் "நெவர் மைண்ட்" சொல்லலாம், "தட்'ஸ் ஆல் ரைட்" இன்னும் நல்லது. ஆனால் தேங்க்ஸ் சொன்னவரிடம் நாம் "பரவாயில்லை" என்கிற பழக்கத்தில் "நெவர் மைண்ட்" சொல்லாதீர்கள். "உன் நன்றியை நீயே வச்சுக்கோ" என்கிற மாதிரி விழுந்து வைக்கும். பரீட்சையில் பையன் பரவாயில்லை, ஓரளவு தேறிவிட்டான் என்கிறோமே, அந்தப் பரவாயில்லைக்கும் மைண்ட் ஆகாது. அது "நாட் பேட்".

கேர் விஷயத்தில் உடனே திருந்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். "ஐ டோண்ட் மைண்ட்" என்றால் நீங்கள் எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். "ஐ டோண்ட் கேர்" என்றால் எப்படியோ போங்கள், எனக்கென்ன. மீட்டிங் எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று மேலாளர் கேட்டு நீங்கள் ஐ டோண்ட் கேர் என்றிருந்தால், அவர் இதுவரை ஒன்றும் சொல்லாதது அவர் பெருந்தன்மை.

நடுநிசி எழுதியது:

"மைண்ட் யூ" பாக்கி இருக்கிறதே. அது "ஆனா ஒண்ணு" என்று நாம் பேச்சுக்கு நடுவில் சொல்வோமே, அதேதான். "வேலை நல்ல வேலை. ஆனா ஒண்ணு, சம்பளம் கம்மி." சொன்னதைக் கொஞ்சம் திருத்தவோ தளர்த்தவோ வருகிறது. யூ என்று இருப்பதால் உன்னைத் திட்டுகிறார்கள் என்று பயப்படவேண்டாம். திட்டு வேண்டுமானால் "மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்", அது "உன் வேலையைப் பாரு". அப்புறம் தனியாக, குரலை உயர்த்தி "டு யூ மைண்ட்!" என்று யாராவது உங்களைப் பார்த்துச் சொன்னால் அது கேள்வியே இல்லை, அனேகமாக அவர் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறீர்கள். யெஸ், நோ எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

அரைகுறை எழுதியது:

இன்று மறுபடி அதே அம்மாவோடு அழைப்பு. நேற்று ராத்திரியிலிருந்து "நாட் அட் ஆல், ப்ளீஸ் கோ அஹெட்" என்று மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் இரண்டு தரம் சொல்லியும் பார்த்துவிட்டுப் போனேன். எல்லோரும் வந்தார்கள், அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார், நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போன தடவை நடந்ததை நினைத்தாரோ என்னவோ, இந்த முறை எளிமையாக "இஸ் இட் ஓகே இஃப் ஐ ரெக்கார்ட்?" என்று கேட்டார்.

"நாட் அட் ஆல்!" என்றேன்.

நல்லவேளை, இந்த முறை கையோடு நோட்டுப் புத்தகம் கொண்டு போயிருந்தேன்.